உயரம் தரும் வேகம், வேகம் தரும் தொலைவு

மேசையின் மேல் சாய்வாக நிறுத்தப்பட்ட ஒரு பாதையில் இறங்கிவரும் சிறு குண்டு, மேசையின் விளிம்பைக் கடந்ததும் வளைந்து விழுந்து, தரையில் ஏதோ ஓர் இடத்தைத் தொடுகிறது. அந்த இடம் விளிம்பிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கும் என்பதைக் குண்டை விடுவதற்கு முன்பே கணக்கிட்டுச் சொல்ல முடியும் என்பதும், அதற்கு ஓர் அளவுகோலைத் தவிர வேறு கருவி எதுவும் தேவையில்லை என்பதும் இயற்பியலின் மிக அழகான முடிவுகளுள் அடங்கும். தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புப் பாடநூலில் எறிபொருள் இயக்கம் ஒரு பாடத்திலும், வேலை, ஆற்றல் ஆகியவை வேறொரு பாடத்திலும், உருளும் பொருள்களின் இயக்கம் மற்றொரு பாடத்திலும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. ஆனால் இந்த ஒரே குண்டு மூன்று பாடங்களின் வழியாகவும் ஓடுகிறது. இத்தகைய கணக்குகளில் மாணவர்கள் தடுமாறுவதற்குச் சூத்திரங்கள் நினைவில் இல்லாமை காரணமாவது குறைவு. இயக்கத்தின் எந்தக் கட்டத்துக்கு எந்த விதி உரியது, அந்த விதி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்ற தெளிவு இல்லாமையே பெரும்பாலும் காரணமாகிறது.

இரண்டு விதிகள், இரண்டு வகைக் கேள்விகள்

எறியப்பட்ட பின் புவியீர்ப்பு விசை ஒன்றால் மட்டுமே இயக்கப்படும் பொருள் எறிபொருள் எனப்படும். அதன் இயக்கத்தைக் கிடைத்தளத் திசையிலும் செங்குத்துத் திசையிலும் தனித்தனியே பிரித்துப் பார்க்கலாம் என்பதையும், கிடைத்தளத்தில் வேகம் மாறாமல் இருக்க, செங்குத்தில் விழும் பொருளுக்குரிய முடுக்கம் மட்டும் செயல்படுவதால் பாதை பரவளையமாக அமைகிறது என்பதையும் கலீலியோ கலிலி 1638-ஆம் ஆண்டு லைடன் நகரில் வெளியான 'இரு புதிய அறிவியல்கள்' என்ற நூலில் நிறுவினார். மேசை விளிம்பிலிருந்து கிடையாகப் புறப்படும் குண்டும், அதே உயரத்திலிருந்து நேராகக் கைவிடப்படும் குண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுவதற்கு இந்தப் பிரிவே காரணம். ஆகவே எறிபொருள் இயக்கத்தின் சமன்பாடுகள் எப்போது, எங்கே என்ற கேள்விகளுக்கு விடை தருகின்றன. ஆனால் அவை பேசத் தொடங்குவதற்கு, பொருள் எந்த வேகத்தில், எந்தத் திசையில் புறப்பட்டது என்பதை யாராவது சொல்லியாக வேண்டும்.

அந்த வேகத்தைச் சொல்வது ஆற்றல் மாறா விதி. உயரத்தில் இருப்பதனால் ஒரு பொருளுக்கு உள்ள ஆற்றல் நிலை ஆற்றல். அது பொருளின் நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றின் பெருக்குத்தொகை. இயங்குவதனால் உள்ள ஆற்றல் இயக்க ஆற்றல். அது நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வருவதில் பாதி. உராய்வு, காற்றுத்தடை போன்றவை குறுக்கிடாதவரை இவ்விரண்டின் கூட்டுத்தொகை இயக்கம் முழுவதும் மாறாமல் இருக்கும். உயரத்தில் குறைவது எதுவோ, அது வேகத்தில் வரவாகும். இந்தக் கருத்தின் விதையும் கலீலியோவின் அதே நூலில் இருக்கிறது. சரிவு எதுவாயினும் ஒரே உயரத்திலிருந்து இறங்கும் பொருள்கள் அடியில் ஒரே வேகத்தைப் பெறும் என்பதை அவர் அடிப்படைக் கொள்கையாக எடுத்துக்கொண்டார்; ஊசலின் நூல் வழியில் ஓர் ஆணியில் தடுக்கப்பட்டாலும், குண்டு தான் புறப்பட்ட உயரத்துக்கே ஏறிவிடுகிறது என்பதைக் காட்டி அதற்கு வலுச் சேர்த்தார். வேகத்தின் வர்க்கத்தைக் கொண்டே இயக்கத்தின் வலிமையை அளக்க வேண்டும் என்று லைப்னிட்ஸ் 1686-இல் வாதிட்டார். இன்று வழங்கும் 'பாதி' என்ற காரணி கோரியோலிஸ் 1829-இல் எழுதிய நூலின் வழியே நிலைபெற்றது.

ஆற்றல் விதியின் பெரும் வலிமை, பாதையின் வடிவத்தைப் பற்றி அது கேள்வி கேட்பதில்லை என்பதே. பாதை நேராக இருந்தாலும் வளைந்து நெளிந்து சென்றாலும், தொடக்க உயரமும் இறுதி உயரமும் தெரிந்தால் போதும், வேகம் கிடைத்துவிடும். ஆனால் அந்த இறக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால், அதனிடம் விடை இருக்காது. இரண்டு விதிகளும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றன. அவை சந்திக்கும் இடம் மேசையின் விளிம்பு.

சறுக்கி இறங்கும் கட்டை

உராய்வே இல்லாத ஒரு சாய்தளத்தின் உச்சி மேசைப்பரப்பிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், அடியில் அது வளைந்து விளிம்பில் கிடையாக முடிவதாகவும், மேசையின் உயரம் 80 சென்டிமீட்டர் என்றும் கொள்ளலாம். உச்சியில் விடப்படும் ஒரு சிறு கட்டை 0.2 மீட்டர் இறங்குகையில் அதன் நிலை ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக மாறுகிறது. இருபுறமும் நிறை நீங்கிவிடுவதால், விளிம்பில் வேகத்தின் வர்க்கம் 2 பெருக்கல் 9.8 பெருக்கல் 0.2, அதாவது 3.92, எனவே வேகம் விநாடிக்கு 1.98 மீட்டர். இங்கே ஆற்றல் விதியின் பணி முடிந்து, எறிபொருள் இயக்கத்தின் பணி தொடங்குகிறது. 0.8 மீட்டர் உயரத்திலிருந்து செங்குத்தாக விழ ஆகும் நேரம், 1.6-ஐ 9.8-ஆல் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலம், அதாவது சுமார் 0.404 விநாடி. அந்த நேரம் முழுவதும் கிடைத்தள வேகம் மாறாததால், 1.98-ஐ 0.404-ஆல் பெருக்கினால் கட்டை விழும் தொலைவு 0.80 மீட்டர் என்று கிடைக்கிறது.

எண்களை இடாமல் இதே கணக்கைச் செய்து பார்ப்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. சாய்தளத்தின் உயரத்தையும் மேசையின் உயரத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, இரண்டால் பெருக்கினால் வருவதே தொலைவு. அதில் கட்டையின் நிறையும் இல்லை, புவியீர்ப்பு முடுக்கமும் இல்லை. ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு மட்டுமே உள்ள நிலவில் இதே மேசையை வைத்தாலும் கட்டை அதே 80 சென்டிமீட்டரில்தான் விழும். அங்கே கட்டை மெதுவாகப் புறப்படும். ஆனால் விழுவதற்கு அதே விகிதத்தில் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். இடையில் 9.8 என்ற எண்ணை இட்டு, கூட்டிப் பெருக்கி, இறுதி விடையை மட்டும் எழுதும் மாணவருக்கு இந்த உண்மை கண்ணில் படாது. எண்களைக் கடைசிவரை தள்ளிவைத்துச் சமன்பாட்டை எளிமையாக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதன் பொருள் இதுதான்.

கலீலியோவின் ஏட்டில் உள்ள எண்கள்

இந்தச் சோதனையை ஏறத்தாழ இதே வடிவில் கலீலியோ செய்திருக்கிறார் என்பதற்கு அவருடைய கையெழுத்துத் தாள் ஒன்று சான்றாக உள்ளது. ஃபுளோரன்ஸ் நகரின் தேசிய மைய நூலகத்தில் காக்கப்படும் அவருடைய குறிப்புகளில், 1608 வாக்கில் பதுவாவில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் ஒரு தாளில், ஒரு மேசையும் அதன் விளிம்பிலிருந்து விழும் வளைகோடுகள் சிலவும் எண்களும் உள்ளன. கலீலியோ இந்த எண்களைத் தம் நூல்களில் வெளியிடவில்லை. அறிவியல் வரலாற்றாசிரியர் ஸ்டில்மன் டிரேக் 1973-இல் அந்தத் தாளை வெளியிட்டு விளக்கிய பிறகே அது பரவலாக அறியப்பட்டது. சாய்தளத்தில் உருண்டு இறங்கிய குண்டு கிடையாகத் திருப்பிவிடப்பட்டு, 828 புள்ளி உயரமுள்ள மேசையிலிருந்து விழுந்தது என்பது அவர் தந்த விளக்கம். புள்ளி என்பது கலீலியோ பயன்படுத்திய நீள அலகு; அது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவானது என்பதால், மேசை சுமார் 78 சென்டிமீட்டர் உயரம் இருந்திருக்க வேண்டும்.

300 புள்ளி உயரத்திலிருந்து விடப்பட்ட குண்டு 800 புள்ளி தொலைவில் விழுந்தது. விளிம்பில் உள்ள வேகம் இறங்கிய உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமையுமானால், தொலைவும் அவ்வாறே அமைய வேண்டும். அதன்படி உயரம் 600 ஆகும்போது தொலைவு 1131 என்றும், 800 ஆகும்போது 1306 என்றும், 1000 ஆகும்போது 1460 என்றும் கணக்கு சொல்கிறது. தாளில் உள்ள அளவுகள் முறையே 1172, 1328, 1500. மிகப் பெரிய வேறுபாடும் நூற்றுக்கு நான்குக்கு மேல் இல்லை. ஆற்றல் என்ற சொல்லே இயற்பியலில் இல்லாத காலத்தில், விநாடியை அளக்கும் கடிகாரமும் இல்லாத நிலையில், வேகத்தைத் தரையில் விழுந்த தொலைவாக மாற்றி அளந்த இந்த உத்தி பெரும் மதிநுட்பத்தின் விளைவு.

எனினும் இந்த எண்களைச் சறுக்கும் கட்டைக்குரிய சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால் ஒரு முரண்பாடு தோன்றுகிறது. 300-ஐயும் 828-ஐயும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, இரண்டால் பெருக்கினால் 997 வருகிறது. கலீலியோவின் குண்டோ 800-இல் விழுந்துவிட்டது. ஐந்தில் ஒரு பங்கு தொலைவு குறைந்ததை உராய்வின் மேல் மட்டும் சுமத்திவிட முடியாது. கட்டை சறுக்குகிறது, குண்டோ உருளுகிறது என்பதே இங்கு முதன்மையான வேறுபாடு. உருளும் குண்டு முன்னோக்கி நகர்வதோடு தன்னைத்தானே சுற்றவும் செய்வதால், இறக்கத்தில் கிடைக்கும் ஆற்றலின் ஒரு பகுதி சுழற்சிக்குப் போய்விடுகிறது. ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பதைக் குறிக்கும் நிலைமத் திருப்புத்திறன், உள்ளீடுள்ள கோளத்துக்கு, நிறையையும் ஆரத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வருவதில் ஐந்தில் இரண்டு பங்கு. அதைக் கொண்டு கணக்கிட்டால், வழுக்காமல் உருளும் கோளத்தின் இயக்க ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சியிலும், ஏழில் ஐந்து பங்கு முன்னோக்கிய நகர்விலும் இருக்கும்; குண்டு பெரிதா சிறிதா, இரும்பா பித்தளையா என்பது இதில் எந்த மாற்றத்தையும் செய்யாது.

குண்டு காற்றில் விழும்போது சுழற்சி அதன் தொலைவைக் கூட்டுவதில்லை. நகர்வுக்குக் கிடைத்த பங்கே தொலைவைத் தீர்மானிக்கிறது. தொலைவு வேகத்துக்கு ஏற்ப அமைவதால், 997-ஐ ஏழில் ஐந்தின் வர்க்கமூலமாகிய 0.845-ஆல் பெருக்க வேண்டும். விடை சுமார் 842. குண்டு தட்டையான பலகையில் உருளாமல் ஒரு பள்ளத்தின் இரு ஓரங்களைத் தொட்டபடி உருண்டிருந்தால், ஒவ்வொரு அடி நகர்வுக்கும் கூடுதலாகச் சுழல வேண்டியிருந்திருக்கும். அப்போது நகர்வுக்குரிய பங்கு மேலும் குறைந்து, விடை 800-ஐ இன்னும் நெருங்கும். இந்தப் பங்கு எல்லா உயரங்களுக்கும் ஒரே விகிதத்தில் அமைவதால்தான், சுழற்சியைக் கணக்கில் கொள்ளாமலேயே வர்க்கமூல விதியைக் கலீலியோவால் சோதித்துப் பார்க்க முடிந்தது.

தொட்டியிலிருந்து பாயும் நீர்

கலீலியோவின் இறுதி மாதங்களில் அவருடன் இருந்த எவாஞ்சலிஸ்டா டொரிசெல்லி, 1644-இல் வெளியிட்ட நூலில் இதே சிந்தனையை நீருக்கு விரித்தார். தொட்டியின் பக்கத்தில் உள்ள துளையிலிருந்து வெளியேறும் நீர், நீர்மட்டத்திலிருந்து துளைவரை தடையின்றி விழுந்த பொருள் பெறும் வேகத்திலேயே புறப்படும் என்பது அவர் கண்ட விதி. புறப்பட்ட ஒவ்வொரு துளியும் ஓர் எறிபொருள். ஆகவே நீர்மட்டத்திலிருந்து துளையின் ஆழத்தையும், தரையிலிருந்து துளையின் உயரத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, இரண்டால் பெருக்கினால் நீர் விழும் தொலைவு கிடைத்துவிடும். கட்டைக்குக் கிடைத்த அதே சூத்திரம்.

கீழே உள்ள துளையிலிருந்து வரும் நீரே மிகத் தொலைவு பாயும் என்று பலரும் கருதுவதுண்டு. தரையில் வைத்த, ஒரு மீட்டர் உயரம் நீர் நிறைந்த தொட்டிக்கு இது பொருந்தாது. அடியில் உள்ள துளையிலிருந்து நீர் மிக வேகமாக வெளியேறுவது உண்மைதான். ஆனால் விழுவதற்கு உயரமில்லாததால் அது உடனே தரையைத் தொட்டுவிடுகிறது. மேல் துளையில் விழும் நேரம் மிகுதி, வேகம் குறைவு. மேலிருந்து 20 சென்டிமீட்டரில் உள்ள துளையும் 80 சென்டிமீட்டரில் உள்ள துளையும் நீரை ஒரே தொலைவில், 80 சென்டிமீட்டரில் வீழ்த்துகின்றன. சரிபாதியில் உள்ள துளையே மிகுந்த தொலைவாகிய ஒரு மீட்டரை எட்டுகிறது. நீரின் பாகுநிலை காரணமாக உண்மையான அளவுகள் சற்றுக் குறைவாகவே வரும், வரிசை மாறாது.

ஆற்றல் விதி சொல்லாதவை

ஆற்றலுக்குத் திசை கிடையாது. பதினைந்து மீட்டர் உயரமுள்ள மாடியிலிருந்து விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை மேல்நோக்கி எறிந்தாலும், கிடையாக எறிந்தாலும், கீழ்நோக்கி எறிந்தாலும், காற்றுத்தடை இல்லையெனில் அது தரையைத் தொடும்போது உள்ள வேகம் ஒன்றே: விநாடிக்கு 19.8 மீட்டர். ஆனால் எந்தக் கோணத்தில் தொடுகிறது, எப்போது தொடுகிறது, எங்கே தொடுகிறது என்பவை எறியும் திசையைப் பொறுத்தவை. அவற்றை அறிய எறிபொருள் இயக்கத்திடமே திரும்பி வர வேண்டும்.

இதை மறப்பதால் விளையும் பிழை ஒன்று விடைத்தாள்களில் அடிக்கடி காணப்படுவது. தரைக்கு 60 பாகைக் கோணத்தில் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறியப்பட்ட பந்தின் பெரும உயரத்தைக் காணும்போது, உச்சியில் வேகம் சுழி என்று கொண்டு, இயக்க ஆற்றல் முழுவதையும் நிலை ஆற்றலாக மாற்றினால் 20.4 மீட்டர் என்று விடை வரும். உச்சியில் சுழியாவது செங்குத்து வேகம் மட்டுமே. விநாடிக்கு 10 மீட்டர் என்ற கிடைத்தள வேகம் அங்கும் குறையாமல் இருக்கிறது. அதற்குரிய இயக்க ஆற்றலைக் கழித்த பின் கிடைக்கும் 15.3 மீட்டரே சரியான விடை. விதி சரியாக இருந்தும் விடை தவறியது, உச்சியில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதை எறிபொருளிடம் கேட்காததால்தான்.

மோதல் குறுக்கிடும்போது

இன்னும் பெரிய தவறு மோதல்களில் நேர்கிறது. துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்க ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய எறியியல் ஊசல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தொங்கும் கனத்த மரத்தில் குண்டு பாய்ந்து பதிகிறது. மரம் ஊசலாடி உயர்கிறது. உயர்ந்த அளவைக் கொண்டு குண்டின் வேகம் கணிக்கப்படுகிறது. 10 கிராம் குண்டு விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் 2 கிலோகிராம் கட்டையில் பதிவதாகக் கொண்டால், குண்டின் இயக்க ஆற்றல் 800 ஜூல். இது முழுவதும் உயரமாக மாறும் என்று கணக்கிட்டால், கட்டை 40 மீட்டர் உயர வேண்டும். உண்மையில் அது உயர்வது 20 சென்டிமீட்டர் அளவுதான்.

பதியும் அந்த நொடிப்பொழுதில் ஆற்றலின் மிகப் பெரும் பகுதி மரத்தைக் கிழிப்பதிலும் வெப்பத்திலும் செலவாகிவிடுகிறது. இயக்க ஆற்றல் இப்படிக் குறையும் மோதல் மீட்சியற்ற மோதல் எனப்படும். அங்கே மாறாமல் இருப்பது, நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வரும் உந்தம். உந்தத்தைக் கொண்டு கணக்கிட்டால், மோதிய பின் கட்டையும் குண்டும் சேர்ந்து விநாடிக்கு 1.99 மீட்டர் வேகத்தில் புறப்படுகின்றன. அப்போது மிஞ்சும் ஆற்றல் வெறும் 4 ஜூல். அதன் பிறகு ஊசல் உயரும் கட்டத்தில் மட்டுமே ஆற்றல் விதி மீண்டும் பொருந்துகிறது. இதே கட்டையைத் தொங்கவிடாமல், 80 சென்டிமீட்டர் உயர மேசையின் வழவழப்பான விளிம்பில் வைத்திருந்தால், மோதலுக்கு உந்தமும் விழுதலுக்கு எறிபொருள் இயக்கமும் பயன்பட்டிருக்கும். கட்டை விழும் தொலைவு சுமார் 80 சென்டிமீட்டராக இருந்திருக்கும்.

ராபின்ஸின் சோதனைகள் மற்றோர் எல்லையையும் வெளிப்படுத்தின. மிகுந்த வேகத்தில் செல்லும் குண்டின் மீது காற்று செலுத்தும் தடை, குண்டின் எடையைப்போலப் பல மடங்கு என்று அவர் கண்டார். கலீலியோவின் பரவளையம் மெதுவாக விழும் குண்டுக்கும், கையால் எறியும் கல்லுக்கும் நன்கு பொருந்தும். பீரங்கிக்குப் பொருந்தாது என்பது அதனால் தெளிவாயிற்று. ராபின்ஸின் நூலை 1745-இல் ஜெர்மனில் மொழிபெயர்த்து விரிவான விளக்கங்கள் சேர்த்தவர் மாபெரும் கணித அறிஞரான லியோனார்டு ஆய்லர்.

கட்டம் பிரித்தல்

இவ்வளவு எடுத்துக்காட்டுகளையும் இணைக்கும் வழிமுறை எளியது. கணக்கைப் படித்தவுடன் இயக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எது மாறாமல் இருக்கிறது என்று கேட்க வேண்டும். சரிவில் இறங்கும்போது மொத்த ஆற்றல், மோதும்போது உந்தம், காற்றில் விழும்போது கிடைத்தள வேகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை இருக்கும். ஒரு கட்டத்தின் முடிவில் கிடைக்கும் வேகமே அடுத்த கட்டத்தின் தொடக்கம் என்பதால், கட்டங்களைக் கடக்கும்போது எடுத்துச் செல்ல வேண்டியது அந்த ஒரு வேகமும் அதன் திசையும் மட்டுமே.

இந்த முறையின் பயன் விடையைச் சரியாகப் பெறுவதோடு நின்றுவிடுவதில்லை; விடை பொருந்தாதபோது அது கூடுதலாகப் பயன் தருகிறது. பள்ளி ஆய்வகத்தில் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள சாய்தளத்தையும் 80 சென்டிமீட்டர் உயரமுள்ள மேசையையும் அமைத்து, தரையில் வெள்ளைத்தாளின் மேல் கார்பன் தாளை விரித்து, எஃகுக் குண்டொன்றை உருட்டிவிட்டால், கணக்குப்படி அது 68 சென்டிமீட்டரில் விழ வேண்டும். தாளில் பதிந்த புள்ளி 60 சென்டிமீட்டரில் இருக்குமானால், ஆற்றல் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப அமைவதால், பாதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் இழக்கப்பட்டிருக்கிறது என்று அந்த எட்டு சென்டிமீட்டர் குறைவிலிருந்தே கணித்துவிடலாம். அளவும் கணக்கும் வேறுபட்டதைக் கண்டு அளவை அழித்து எழுதும் மாணவர் அந்தக் கண்டுபிடிப்பை இழக்கிறார். வேறுபாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு ஆற்றல் போனது என்று கேட்பவர், கலீலியோவின் 800-க்கும் சூத்திரத்தின் 997-க்கும் இடையே சுழற்சியைக் கண்டதுபோல், இயற்கையைப் பற்றிய புதிய செய்தியொன்றைப் பெறுகிறார்.